கம்பவுண்டர் பொறுப்பிலிருந்து விலகுவது குறித்துத் தங்கைக்கு

செவ்வாய்க்கிழமை

என் பிரியமுள்ள தங்கைக்கு,

உன் மூத்த அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும், என் தொண்டை ஒன்றைத் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் ஒழுங்காக இருக்க, நாளைக் கடத்துகிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை. அந்த வரியை எழுத முடியாமல் போனதுதான் இந்தக் கடிதம் இத்தனை பக்கம் நீண்டதற்குக் காரணம். பதறாதே. மாப்பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறார். இரண்டு நாளைக்கு டிரைவிங் வகுப்பு இல்லை என்று உன்னிடம் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பார். அதை நம்பியதுபோல் இருந்துவிடு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மேஜையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, உட்கார்ந்து இதைப் படி.

வீட்டு முகவரியை விட்டுவிட்டு உன் அலுவலகத்துக்கு எழுதுவதற்கும் காரணம் உண்டு. போனில் பேச என்னால் முடியாது. செய்தி அனுப்பலாம் என்றால், நீ கண்ணாடியை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடும் வேளையில் உன் போனை எடுத்துப் படித்துச் சொல்கிறவர் மாப்பிள்ளைதான். ஆகவே காகிதம். நீ குடிநீர் அலுவலகத்தில் புகார் எழுதிக்கொள்ளும் மேஜையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வருகிறவர் முதலில் தன் வீட்டுக் கதை முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை பேனாவை மூடிவைத்துக்கொண்டு கேட்பாய் என்று உன் அண்ணி பெருமையாகச் சொல்வாள். அந்தப் பொறுமையை இன்று எனக்கும் காட்டு. நானும் முதலிலிருந்துதான் வரவேண்டியிருக்கிறது.

குரல் நாணில் வளர்ந்திருந்த கட்டியை எடுத்தபிறகு டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுப்பது அதைவிட மோசம். பேருந்து நிலையத்தின் கண்ணாடி அறைக்குள் முப்பத்தொரு வருடம் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எந்தக் குழந்தை யாரைக் காணாமல் அழுகிறது என்று ஊருக்கே சொன்னவன், ஒரு சின்ன நோட்டையும் பென்சிலையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். எழுதிக் காட்டுகிறவனுக்குக் காதும் கேட்காது என்று உலகம் எப்படியோ முடிவு செய்து வைத்திருக்கிறது. வங்கியில் என்னிடம் கத்தினார்கள். சலூன்காரர் கையைக் காலை ஆட்டி நடித்துக் காட்டினார். மளிகைக்கடைக்காரர் என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, என் கேள்விக்குக் கீழேயே "இல்லை" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் வேறு விதம். ஒருவர் பேசாமல் இருந்தால் மற்றவர் குரலும் தானாக இறங்கிவிடும் போலிருக்கிறது. உன் அண்ணி என்னிடம் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தாள், பிறகு போனிலும், பிறகு தனக்குத் தானே. இரண்டாவது மாதம் எங்கள் வீட்டில் சத்தமாக இருந்தது மிக்ஸி ஒன்றுதான்.

இந்த நிலைமையில்தான் கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரம்மா என் வாழ்க்கையில் குறுக்கிட்டார். ஒருநாள் மாத்திரைச் சீட்டோடு போய் நின்றபோது, கடையில் ஆள் இல்லாத நேரம், போனைப் படுக்கவைத்து இரண்டு கட்டைவிரலாலும் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் நின்றேன். கூப்பிட முடியாதே. நிமிர்ந்து பார்த்துப் பதறிப்போய்விட்டார். "மன்னிச்சிடுங்க சார், நடுவுல விட்டா டீமே செத்துப்போயிடும்," என்றார். யார் சாகிறார்கள் என்று எழுதிக் கேட்டேன். திரையைத் திருப்பிக் காட்டினார். அப்போதுதான் சொன்னார்: "உங்களுக்கு இது தோதா இருக்கும் சார். பேசவே வேண்டாம். தட்டினாப் போதும்."

அது என்ன ஆட்டம் என்று உனக்குத் தெரியவேண்டும். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். அவரவர் வீட்டில் அவரவர் போனில் இருந்தபடியே எல்லாரும் ஒரே காட்டுக்குள் நிற்பார்கள். பக்கத்துக்கு ஒரு கோட்டை. எதிராளியின் கோட்டையை முதலில் இடிக்கிறவர்கள் ஜெயித்தவர்கள். முன்னால் போய் எல்லா அடியையும் வாங்கிக்கொள்ள ஒருவர் உண்டு. தூரத்திலிருந்து அம்பு விட ஒருவர், பக்கவாட்டில் புகுந்து வெட்ட இரண்டு பேர். ஐந்தாவது ஆள் எல்லாருக்கும் பின்னால் நிற்பான். அவனிடம் கத்தி கிடையாது. கையில் ஒரு விளக்கு மட்டும். அந்த வெளிச்சத்தை யார் மேல் காட்டுகிறானோ அவர் தலைக்கு மேலிருக்கும் பச்சைக்கோடு மெல்ல நிறையும். அந்தக் கோடுதான் உயிர். ஆட்டம் முடிந்து யார் எத்தனை பேரை வீழ்த்தினார்கள் என்று பட்டியல் போடும்போது அவன் பெயருக்கு நேரே சுழி இருக்கும். அந்த இடம்தான் காலியாக இருந்தது, ஏனென்றால் அதை யாரும் விரும்புவதில்லை. எனக்குக் கொடுத்தார்கள். பெயர் ஒன்று வேண்டுமே என்றதும் மருந்துக்கடைக்காரம்மாவே "கம்பவுண்டர்" என்று வைத்துவிட்டார். மகள் விட்டுப்போன, போனைவிடப் பெரிய திரை கொண்ட டேப்பைத் துடைத்து எடுத்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தினம் மாலை ஐந்தரைக்கு உட்கார்ந்தேன். சாமி கும்பிடுவதற்குக்கூட நான் அப்படி நேரம் தவறாமல் உட்கார்ந்ததில்லை என்று உன் அண்ணி கிசுகிசுத்தாள்.

தலைமை எனக்கு எப்படி வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். இதில் தற்பெருமை இல்லை. எங்கள் அணியில் மருந்துக்கடைக்காரம்மா அம்பு விடுகிறவர். பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் இருக்கும் ஒரு பெண்ணும், லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவரும் வெட்டுகிறவர்கள். ஆட்டம் சூடுபிடித்தால் மூவரும் ஒரே நேரத்தில் ஹெட்போனில் பேசுவார்கள். வலது பக்கம் வா என்று ஒருவர், வராதே என்று ஒருவர், மெக்கானிக் எங்கேயோ லிஃப்ட் கூண்டுக்குள் இருப்பதால் பாதிப் பேச்சில் அறுந்துபோவார். இப்படித் தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றோம். எட்டாவதும் தோற்ற பிறகு மருந்துக்கடைக்காரம்மா சொன்னார்: "எல்லாரும் கத்தறோம். நம்ம அஞ்சு பேர்ல கத்த முடியாத ஆள் ஒருத்தர்தான் இருக்காரு. பின்னால நின்னு எல்லாத்தையும் பாத்துட்டிருக்கறவரும் அவருதான். இனிமே அவரு சொல்றதக் கேப்போம்." அந்த ஆட்டத்தில் பேசாமல் ஆணையிட நான்கு பொத்தான்கள் இருக்கின்றன. வா, நில், திரும்பு, ஆபத்து. முப்பத்தொரு வருடம் நாளொன்றுக்கு நானூறு அறிவிப்புச் செய்தவனுக்கு மிஞ்சியது நாலு வார்த்தை. ஆனால் தங்கையே, அந்த நாலு வார்த்தைக்கு இருந்த மரியாதை என் நானூறுக்கும் இருந்ததில்லை. நான் "நில்" என்றால் நின்றார்கள். பேருந்து நிலையத்தில் மூன்றாவது மேடை என்று மூன்று முறை சொன்னாலும் ஜனங்கள் வந்து கண்ணாடியைத் தட்டி, "எந்த மேடை?" என்று கேட்பார்கள்.

மூன்றாவது மாதக் கடைசியில், முன்னால் நின்று அடி வாங்கிக்கொண்டிருந்தவர் வேலை மாறிப் போய்விட்டார். லிஃப்ட் மெக்கானிக் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தார். "எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்த மாஸ்டர். தைரியசாலி. முன்ன வெச்ச கால பின்ன வெக்க மாட்டாரு," என்று அறிமுகம். ஆட்டப் பெயர் பீரங்கி. ஆட்டம் தொடங்கும் முன் அந்தப் பீரங்கி தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு வாக்கியம் சொன்னது: "எல்லாரும் மொதல்ல சீட் பெல்ட் போட்டுக்குங்கப்பா."

என் கையிலிருந்து டேப் நழுவி மடியில் விழுந்தது. என் தங்கையின் கழுத்தில் தாலி கட்டி இருபத்தொன்பது வருடம் ஆன மனிதரின் குரல் எனக்குத் தெரியாதா?

எனக்கும் அவருக்கும் ஐந்து வருடமாகப் பேச்சு இல்லாததன் காரணத்தை உனக்குச் சொல்லத் தேவையில்லை, நீ அங்கேதான் நின்றாய். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் அது எவ்வளவு சிறியது என்று எனக்கே தெரிகிறது. எங்கள் வீட்டிலிருந்து அவர் தன் புதுப் பயிற்சிக் காரைப் பின்னால் எடுத்தார். நான் பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்றேன். கார் கேட் தூணில் மோதியது. நான் "போதும்" என்று சொல்லிவிட்டேன் என்றேன். தூண் சொன்ன பிறகுதான் நான் சொன்னேன் என்றார் அவர். ஆயிரம் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர். வார்த்தையை நேரத்துக்குச் சொல்வதையே தொழிலாக வைத்திருந்தவன் நான். இரண்டு குடும்பமும் தெருவும் பார்த்துக்கொண்டிருந்தது. நீ மட்டும், "காபி ஆறுது, உள்ள வாங்க," என்றாய். யாரும் வரவில்லை.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். முதல் நாள் ஆட்டத்தில் மாப்பிள்ளையை மூன்று முறை சாகவிட்டேன். வேண்டுமென்றேதான். என் விளக்கு கையில் இருந்தது, அவருடைய பச்சைக்கோடு குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்தேன், விளக்கைப் பல் ஆஸ்பத்திரிப் பெண் மேல் திருப்பினேன். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மூன்றாம் முறை விழுந்தபிறகு பீரங்கி சொன்னது: "என் தப்புதாங்க. கம்பவுண்டர் வர்றதுக்குள்ள நான் முந்திப் போயிட்டேன்." இருபத்தொன்பது வருடத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து "என் தப்பு" என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. நாலாவது முறை அவர் முன்னே போனபோது என் வெளிச்சம் அவர் முதுகை விட்டு நகரவில்லை. அந்த ஆட்டத்தில் ஜெயித்தோம்.

நீ இங்கே ஒரு கேள்வி கேட்பாய். மாலை ஐந்தரையிலிருந்து ஏழுவரை அவர் பூங்காவைச் சுற்றி நடக்கிறாரே, ஆட்டம் எப்படி ஆடுவார் என்று. தங்கையே, அவர் நடக்கவில்லை. டிரைவிங் ஸ்கூல் ஷெட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுக்கிறவர் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். ஆடுவது ஸ்கூல் போனில். நீ அவர் சொந்தப் போனுக்கு அடித்தால், அதை ஸ்பீக்கரில் போட்டு எங்களிடம் "ஒரு நிமிஷம்" என்பார். பிறகு வேக வேகமாக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, "நடந்துட்டு... இருக்கேம்மா... நாலாவது... ரவுண்டு," என்பார். அணியே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். நீ அந்தப் பக்கம், "மூச்சு வாங்குதே, மெதுவா நடங்க," என்பாய். உன் குரலை நான் கேட்டது அப்படித்தான், வாரத்தில் மூன்று நாளாவது. எனக்கு மட்டும் சிரிப்பு வராது. ஆனால் அந்த அழைப்புக்காகக் காத்திருப்பேன், அதையும் மறைக்கவில்லை.

ஆட்டம் முடிந்தால் மற்றவர்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவருக்கு வீட்டுக்குப் போக இன்னும் கால் மணி நேரம் இருக்கும், "நடை" முடியவேண்டுமே. அந்தக் கால் மணி நேரம் என்னிடம் பேசுவார். நான் எழுத்தில் பதில் தட்டுவேன். தொண்டையில் கோளாறு என்று சொல்லி வைத்திருந்தேன், அது பொய் இல்லை. ஒருநாள் கேட்டார்: "கம்பவுண்டர், உங்களுக்கு மச்சான், மாப்பிள்ளைன்னு யாராவது உண்டா?"

"ஒருவர் உண்டு," என்று தட்டினேன்.

"பேசிப்பீங்களா?"

யோசித்து, "அவர் பேசுவார், நான் கேட்பேன்," என்று தட்டினேன். அதுவும் பொய் இல்லை.

"குடுத்து வெச்சவரு அவரு," என்றார். பிறகு சொன்னார்: "எனக்கு ஒருத்தர் இருக்காரு. பஸ் ஸ்டாண்டுல மைக்ல பேசறவரு. வீட்டுலயும் அப்படித்தான், இன்னொரு கரண்டி குழம்பு கேட்டாக்கூட அறிவிப்பு மாதிரி இருக்கும். ஒரு நாள் வண்டிய ரிவர்ஸ் எடுத்தேன். அவரு பின்னால நின்னாரு. போதும்னு சரியாத்தான் சொன்னாரு. நான்தான் பிரேக்க விட்டுட்டு ஆக்சிலரேட்டர மிதிச்சிட்டேன். வாத்தியாரு நான். இத வெளிய சொல்ல முடியுமா?"

நான் டேப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். ஏனென்றால் அன்று நடந்தது எனக்குத் தெரியும். "வரலாம், வரலாம்" என்று சொல்லச் சொல்ல எனக்கே ஒரு லயிப்பு வந்துவிட்டது. எதிர்வீட்டு மாடியில் நின்றவர்கள் என் குரலைக் கேட்கிறார்களா என்று ஒரு கணம் மேலே பார்த்தேன். நான் "போதும்" என்றது தூணுக்குப் பிறகுதான். ஆகவே தன் தப்பு என்று தெரிந்தும் அவரும், என் தப்பு என்று தெரிந்தும் நானும், ஐந்து வருடம் முறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

திரும்பி வந்து ஹெட்போனை மாட்டியபோது அவர் பேசிக்கொண்டே இருந்தார். "அவருக்கு ஆபரேஷன் ஆன அன்னிக்குப் போனேன். ஆஸ்பத்திரி பார்க்கிங்ல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். என்னென்ன சொல்லணும்னு வரிசையா யோசிச்சு வெச்சிருந்தேன். அப்புறம்தான் தோணிச்சு, நான் என்ன சொன்னாலும் அவரால திருப்பிச் சொல்ல முடியாதே. அப்படி இருக்கற மனுஷன்கிட்ட சண்ட போடறதும் நியாயமில்ல, சமாதானம் பேசறதும் நியாயமில்ல. வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். என் விரல் எழுத்துகளின் மேல்தான் இருந்தது. சொன்னால் மறுநாள் ஐந்தரைக்கு அவர் வராமல் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. "நாளை சந்திப்போம்," என்று மட்டும் தட்டினேன்.

போன வாரம் அவர் ஒரு கேள்வி கேட்டார். "கம்பவுண்டர், இடது கை அப்பப்ப மரத்துப்போகுது, தோள்லேர்ந்து ஒரு இழுப்பு. அதுக்கு நீங்க என்ன மாத்திரை குடுப்பீங்க?" நான் நிஜமாகவே கம்பவுண்டர் என்று இத்தனை நாளாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். "உடனே டாக்டரைப் பாருங்கள், வீட்டில் சொல்லுங்கள்," என்று தட்டினேன். "வீட்டுல சொன்னா தினம் நடக்கறீங்களே அப்புறம் ஏன்னு கேப்பா. என்னத்தச் சொல்றது?" என்றார். கீழே போய் மருந்துக்கடைக்காரம்மாவிடம் எழுதிக் காட்டினேன். அவர் அன்றே மாப்பிள்ளைக்குப் போன் செய்து விரட்டினார். "திங்கக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும் போறேன்," என்று சொல்லியிருக்கிறார்.

அந்தத் திங்கள் நேற்று. மாலை ஐந்து ஐம்பத்திரண்டு. எதிராளியின் கோட்டை பாதி இடிந்திருந்தது. பீரங்கி முன்னால், நான் பின்னால். திடீரென்று ஹெட்போனில் மூச்சு வாங்கும் சத்தம். "ஐயோ, வீட்டம்மா கால் வந்துடுச்சு போல," என்று மெக்கானிக் சிரித்தார். பல் ஆஸ்பத்திரிப் பெண்ணும் சிரித்தாள். அதே மூச்சுதான், அதே வேகம்தான், அவர்கள் சிரித்ததில் தப்பில்லை. ஆனால் போன் அடித்த சத்தத்தை நான் கேட்கவில்லை. பீரங்கியின் தலைக்கு மேல் பச்சைக்கோடு முழுதாக நிறைந்திருந்தது. அவரை யாரும் அடிக்கவில்லை. ஆள் நகரவும் இல்லை. திறந்த வெளியில், கேடயம் தாழ்ந்து, மரம் மாதிரி நின்றார். முன்னால் போகிறவர் முதுகை மட்டுமே பத்து வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது வேறு என்று தெரிந்தது. "ஆபத்து" என்று அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். "எங்க ஆபத்து? ஒருத்தரும் இல்லயே," என்றார் மருந்துக்கடைக்காரம்மா. இந்தச் செய்தியைச் சொல்ல அந்த நாலு பொத்தானில் ஒன்றும் இல்லை.

மைக்கைத் திறந்தேன். ஐந்து மாதம் பதினோரு நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தேன். தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல் ஒரு சத்தம் வந்தது. அது என் குரல்தான் என்று எனக்கே புரியச் சற்று நேரமாயிற்று.

"மாப்பிள்ளை, வண்டிய எடுக்காதீங்க."

மெக்கானிக்கின் சிரிப்பு பாதியில் அறுந்தது. பிறகு அந்த மூச்சுக்கு நடுவில், மிக மெதுவாக: "யாரு... மச்சானா?"

"கதவத் திறந்து வெச்சுக்கிட்டு அப்படியே உக்காருங்க. வரேன்."

மருந்துக்கடைக்காரம்மா கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கையில் மருந்தோடு தெருவுக்கு வந்துவிட்டார். உன் அண்ணி, கிசுகிசுப்பை எல்லாம் விட்டுவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தி ஒரு டாக்ஸியை நிறுத்தினாள். பதினாலு நிமிடத்தில் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியிலேயே மெக்கானிக் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தார். காரின் கதவு திறந்திருந்தது. மாப்பிள்ளை வியர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்தார். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுக்கிறவருக்கென்று தனி பிரேக் ஒன்று இருக்குமே, அதன் மேல் காலை அழுத்தி வைத்திருந்தார். எஞ்சின் ஓடவே இல்லை. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: "கம்பவுண்டரு எங்க?" நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "அந்த மூணு தடவையும் நீங்கதானா?" என்றார். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

மூன்று மணி நேரம் கூடவே இருந்தோம். மாரடைப்பு இல்லையாம், அதற்கு முந்தின எச்சரிக்கையாம். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ரத்தக்குழாய்ப் பரிசோதனைக்கு வரவேண்டும், வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் கூட வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கேயே தங்கச் சொன்னதற்கு, மாட்டேன் என்று மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்ததுதான் உண்மை. வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க தங்கச்சிகிட்ட வாய் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாது," என்று சத்தியம் வாங்கினார். நானும் செய்துகொடுத்தேன். அதை மீறவில்லை என்பதைக் கவனி. வாயைத் திறக்கவில்லை. எழுதுகிறேன்.

நீ செய்யவேண்டியது இதுதான். வியாழக்கிழமை உனக்கு லீவு இருப்பதாகத் தற்செயலாகச் சொல். மருத்துவச் சீட்டு அவர் சட்டைப் பையில் இருக்கும், துவைக்க எடுத்தபோது கிடைத்ததாகச் சொல். நடை விஷயத்தில் கோபப்படாதே. இரண்டு நாளைக்குப் பிறகு பட்டுக்கொள். என் டாக்டர் என் தொண்டையைப் பார்த்துவிட்டு, யாரிடம் இத்தனை வார்த்தை பேசினீர்கள் என்று திட்டி, மௌனத்தை இன்னும் இரண்டு மாதம் நீட்டிவிட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை.

கடைசியாக, இந்த ஆட்டத்தில் இனி எனக்கு இடமில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு மனிதரை நடக்கவிடாமல் பத்து வாரம் காருக்குள் உட்கார வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. தினம் ஐந்தரைக்கு நான் வராதிருந்தால் அவர் ஒருவேளை எழுந்து நடந்திருப்பார். டேப்பை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். கம்பவுண்டர் பொறுப்பிலிருந்து விலகுவதாக மருந்துக்கடைக்காரம்மாவிடம் நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் அதைப் படித்துவிட்டு மருந்துச் சீட்டுகள் குத்தும் கம்பியில் குத்திவைத்தார்.

நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து இன்னும் பல வருடம் நடக்கவேண்டும், இம்முறை கால்களால் நடக்கவேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உன் அண்ணன்

பின்குறிப்பு: புதன், காலை பத்தேகால். இதை உன் மேஜையிலேயே, நூலில் கட்டிய உன் அலுவலகப் பேனாவால் எழுதுகிறேன். நேரில் கொடுத்துவிடலாம் என்று வந்தேன். நீ இல்லை. பக்கத்து மேஜை அம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். எனக்குக் காது கேட்காது என்று அவரும் முடிவு செய்து, வரிசையில் நின்ற ஆறு பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அண்ணனா நீங்க? அவங்க மூணு நாள் லீவு. வீட்டுக்காரரு திங்கக்கிழம ராத்திரியே எல்லாத்தையும் சொல்லிட்டாராமே, நடக்காம கார்ல உக்காந்திருந்தது உட்பட. ஆனா அவரு சொன்னது உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அவங்ககிட்ட சத்தியம் வாங்கியிருக்காராம்." பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். உன் கையெழுத்து.

"அண்ணா, நீ எழுதாமல் இருக்க மாட்டாய், அதைத் தபாலில் போடவும் மாட்டாய். எத்தனை பக்கம் என்று தெரியவில்லை, இப்போது எனக்குப் படிக்கத் தெம்பில்லை. வியாழக்கிழமை பத்து மணிக்கு அவரை உள்ளே கூட்டிப் போய்விடுவார்கள். இரண்டு மணி நேரம் ஆகுமாம். தனியாக உட்கார்ந்திருக்க எனக்கு முடியாது. வா. ஒன்றும் பேச வேண்டாம்."

பின்பக்கத்தில் மாப்பிள்ளையின் எழுத்து: "ராஜினாமா ஏற்கப்படவில்லை. மருந்துக்கடையில் விசாரித்துவிட்டேன்."

ஆகவே மேலே எழுதியதில் சாக்கு, சட்டைப் பை, லீவு எல்லாவற்றையும் விட்டுவிடு. கம்பவுண்டர் விலகுவதாக எழுதிய பத்தியை நான் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள். இந்தக் கடிதத்தை இங்கே விட்டுவிட்டுப் போகவில்லை, நாளை ஒன்பதரைக்குக் கையோடு கொண்டுவருகிறேன். உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். இரண்டு மணி நேரம் போகவில்லை என்றால் எடுத்துப் படி. படிக்கும்போது மட்டும் என் பக்கம் திரும்பாதே.